கல்லாப்பெட்டியும் கல்லூரியும்: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

வேலை பார்த்துக்கொண்டே படிப்பதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். என்னுடைய புள்ளியியல் அரியரையும் அதில் போகிறபோக்கில் சொல்லித் தொலைத்துவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே சங்கதிதான். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால் எல்லாருக்குமே ஊர்ப்பெயர் மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, நான் பி.காம். இரண்டாம் ஆண்டு, காலை ஷிஃப்ட். மத்தியானம் 2 மணிக்கு ஜவுளிக்கடைக்குப் போனால் இரவு 10 மணி ஆகிவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு 11 மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் அரைப் பக்கத்தில் தூக்கம். ஒரே பாடத்தை நாலு தடவை படிக்கிறேன், படிக்கும்போது எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கிறது, ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. மூன்று அரியர். என் மூளைதான் மந்தமா? (வண்ணார்பேட்டை)

பதில்: மூளை மந்தம் என்றால் முதல் மாதமே கடையை விட்டு அனுப்பியிருப்பார்கள் தம்பி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்தத் தட்டில் எந்தச் சேலை என்று உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது ஒரு ஆச்சி வந்து, 'சுங்குடி எடுய்யா, எழுநூறுக்குள்ள, அரக்கு வேண்டாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கை மூன்றாவது தட்டுக்குப் போய்விடும், இல்லையா? தட்டை உட்கார்ந்து நாலு தடவை உற்றுப் பார்த்ததால் அது வரவில்லை. யாரோ கேட்டார்கள், நீங்கள் முழித்தீர்கள், தப்பான கட்டைப் பிரித்தீர்கள், மூத்தவர் ஒருவர் முறைத்தார், அடுத்த தடவை கேட்டபோது சரியாக வந்தது. அப்படிக் கற்றுக்கொண்ட அதே ஆள், பாடத்தை மட்டும் ஏன் தட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களில் ஒரு கூட்டம் ஒரு பகுதியை நாலு முறை வரிசையாகப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று முறையும் தாளை மூடிவைத்து நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நாலு முறை படித்தவர்கள்தான் முன்னால், அவர்களுக்கு நினைவில் இருந்தது 83 சதவீதம், மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: படித்துக்கொண்டே இருந்தவர்கள் 40, மூடிவைத்து எழுதியவர்கள் 61. இராத்திரி 'எல்லாம் தெரிகிற மாதிரி' உங்களுக்கு இருக்கிறதே, அது அந்த ஐந்து நிமிடத் தெரிதல்தான். பரீட்சை அடுத்த வாரம் அல்லவா வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? வகுப்பு முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்து, அன்றைக்கு நடந்ததில் நாலு கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். கேள்வி மட்டும்தான், விடை கூடாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். 3 மணியிலிருந்து 5 மணி வரை ஜவுளிக்கடையில் ஈதான் ஓட்ட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். (2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். உங்கள் கடையில் போட்டிருக்கிறார்களா என்று எழுதுங்கள், தனியாகப் பேசுவோம்.) அந்த நேரத்தில் சீட்டை எடுத்து ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு லட்சம் ரூபாய் இயந்திரம், தேய்மானம் 10 சதவீதம், மூன்று வருடத்துக்கு இரண்டு முறையிலும் எவ்வளவு? நேர்கோட்டு முறை என்றால் வருடாவருடம் 10,000. குறைந்துசெல் மதிப்பு முறை, அதாவது வருடாவருடம் மிஞ்சுகிற மதிப்பில் 10 சதவீதம் என்றால் 10,000, அப்புறம் 9,000, அப்புறம் 8,100. சேலையை மடித்துக்கொண்டே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஏன் குறைகிறது என்று உங்களுக்கு நீங்களே வாய்க்குள் சொல்லிப்பாருங்கள், சொல்ல வராவிட்டால் அங்கேதான் ஓட்டை.

இராத்திரி 11 மணிக்குப் புத்தகத்தைத் தொடாதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். எட்டு மணி நேரம் நின்ற காலோடு படிக்கிற ஒரு மணி நேரத்தைவிட அந்த ஒரு மணி நேரத் தூக்கம் பாடத்துக்கு நல்லது, பகலில் படித்தது மனதில் படிவதே தூக்கத்தில்தான். விடியக் கருக்கலில் ஐந்தரைக்கு எழுந்து, நேற்றைய சீட்டின் விடைகளை எழுதிப் பார்த்து, அதற்குப் பிறகே புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். அதே சீட்டை மூன்று நாள் கழித்து ஒரு தடவையும், அடுத்த வாரம் ஒரு தடவையும் எடுங்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே வைத்து அளந்து 1885இல் எழுதினார். மறதியில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்டது. அதனால்தான் மறுநாள் காலை என்கிறேன்.

மூன்று அரியரையும் ஒரே செமஸ்டரில் எழுதி வீரம் காட்ட வேண்டாம். எது அடுத்த வருடப் பாடத்துக்கு அடிப்படையோ அதை முதலில் முடியுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, நானும் அம்மாவும் பீடி சுற்றுகிறோம். பி.ஏ. வரலாறு படிக்கிறேன், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அது பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் சரியாகப் போகிறது. காலேஜ் விட்டு வந்து சுளகை மடியில் வைத்தால் இராத்திரி வரைக்கும் கை ஓயாது. எப்போது படிக்க? (முக்கூடல்)

பதில்: கை ஓயாது, சரி. வாய்?

பீடி சுற்றுகிறவர்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் தங்கச்சி. நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்து வெட்டிய பிறகு, தூளை வைத்து உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி முடிக்கிற வரைக்கும் கண் அங்கே இருப்பதே இல்லை. டி.வி.யைப் பார்க்கிறார்கள், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி ஊர்க்கதை பேசுகிறார்கள். உங்கள் கை உங்களுக்கு ஒரு கடிகாரம். இத்தாலிக்காரர் ஒருவர் சமையலறையில் வைக்கிற தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம், 25 நிமிடமாகப் படிக்கிற முறை ஒன்றைக் கொண்டுவந்து உலகமெல்லாம் பேர் வாங்கினார். உங்களுக்குத் தக்காளி எதற்கு, பீடிக்கட்டு இருக்கிறது. ஒரு கட்டு முடிவதற்குள் ஒரு விடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குச் சொல்வது? எதிரே அம்மா இருக்கிறாரே. பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி ஒப்பிக்க வேண்டாம், கதையாகச் சொல்லுங்கள். 1908 திருநெல்வேலி எழுச்சியையே எடுத்துக்கொள்வோம். 'மார்ச் 13ஆம் தேதி ஊரே கொந்தளிச்சுதும்மா' என்று ஆரம்பித்தால் அம்மா சும்மா இருக்கமாட்டார், 'எதுக்காம்?' என்பார். முந்தின நாள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்துவிட்டார்கள் என்பீர்கள். 'எதுக்குப் பிடிச்சான்?' வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து வெளியே வந்ததைக் கொண்டாடினார்கள். 'அதுக்குப் போயா?' என்று கேட்பார் பாருங்கள், அங்கேதான் விடையின் உயிர் இருக்கிறது. அதுக்கு மட்டும் இல்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களை வ.உ.சி. வேலைநிறுத்தத்தில் நிறுத்தி ஜெயித்துக் காட்டியிருந்தார். அதற்கும் முன்னால் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியின் வருமானத்தில் கை வைத்திருந்தார். எரிச்சல் ரொம்ப நாளாகவே உள்ளே புகைந்துகொண்டிருந்தது. அம்மா கேட்ட மூன்று 'எதுக்கு'தான் உங்கள் பத்து மார்க் விடையின் மூன்று பத்தி. படிக்காத அம்மாவுக்குப் புரிய வைத்துவிட்டால் பேப்பர் திருத்துகிறவருக்குப் புரியாமல் போகாது.

நீங்களே விடையைச் செல்போனில் பேசிப் பதிவு செய்து, சுற்றும்போது போட்டுக் கேட்கலாம். ஆனால் அது இரண்டாம் பட்சம்தான், கேட்பது என்பதும் படிப்பதைப் போலத் தெரிந்த மாதிரி மயக்கும். அப்புறம் ஒன்று, வாயால் சொல்லத் தெரிந்த எல்லாம் கையால் எழுத வராது. பரீட்சை மூன்று மணி நேரம் எழுத்து வேலை. சுளகை இறக்கி வைத்த பிறகு, கையைக் கழுவிவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு விடையை நேரம் பார்த்து எழுதிப் பாருங்கள். தூள் பறக்கிற இடத்தில் நோட்டை வைக்க வேண்டாம்.

கேள்வி: வேலை காரணமாக வகுப்பு நிறையப் போய்விடுகிறது. தோழர்கள் நோட்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். நாற்பது ஐம்பது போட்டோ சேர்ந்துவிட்டது, திறக்கவே பயமாக இருக்கிறது. (கே.டி.சி. நகர்)

பதில்: அழித்துவிடுங்கள். பயப்படாதீர்கள், அவர்களிடம் நோட்டு இருக்கும். இன்னொருத்தர் எழுதிய நோட்ஸ் அவருக்கு ஞாபகப்படுத்தத்தான் உதவும், வகுப்பில் உட்காராத உங்களுக்கு அது வெறும் தந்தி. அதற்குப் பதில் அந்தத் தோழரிடம் போனில் மூன்றே கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு எந்தத் தலைப்பு, அதில் எதைச் சார் இரண்டு தடவை சொன்னார், எது யாருக்கும் புரியவில்லை? பதிலை வைத்துக்கொண்டு பாடநூலில் அந்தப் பக்கத்தை நீங்களே படித்துக் குறிப்பெடுங்கள். தாளின் இடப்பக்கம் நாலு விரல் அகலம் விட்டு, அங்கே கேள்வியும் வலப்பக்கம் விடையுமாக எழுதினால், வலப்பக்கத்தைக் கையால் மறைத்தே பின்னால் திருப்பிப் பார்க்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற ஆசிரியர் சொல்லிக் கொடுத்த முறை இது, பழசுதான், ஆனால் கெட்டுப்போகவில்லை. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் எண்ணிக்கொண்டே இருங்கள். செமஸ்டர் கடைசியில் எண்ணினால் எண்ணிப் பலன் இல்லை.

கேள்வி: அண்ணாச்சி, டவுனில் மிட்டாய்க்கடையில் வேலை. நவம்பர் செமஸ்டர் வந்தால் கூடவே தீபாவளி வந்துவிடுகிறது. போன வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் லீவு கேட்டேன், முதலாளி ஏசிவிட்டார். நான் கேட்டது தப்பா? (திருநெல்வேலி டவுன்)

பதில்: கேட்டது தப்பில்லை, கேட்ட நாள்தான் தப்பு. அல்வாவுக்கும் மிக்சருக்கும் ஆள் நிற்க இடம் இல்லாத நாளில் அவரிடம் போய் நின்றால் அவர் ஏசாமல் என்ன செய்வார்? அவர் கோபத்தை நான் நியாயப்படுத்தவில்லை, வியாபாரியின் மனசு அந்த வாரம் எங்கே இருக்கும் என்று சொல்கிறேன்.

வேலை பார்த்துப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இரண்டு காலண்டர் வாங்காதீர்கள், ஒரே காலண்டரில் இரண்டையும் எழுதுங்கள் என்பதுதான். கல்லூரி போடுகிற தேதிகளை நீல மையிலும், கடையின் நெருக்கடி நாட்களைச் சிவப்பிலும் குறியுங்கள். ஜவுளிக்கடை என்றால் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, தைப்பொங்கலுக்கு முந்தின இரண்டு வாரம். உங்களுக்கு நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம், தீபாவளி, அப்புறம் குற்றாலச் சீசனில் திரும்பிப் போகிறவர்கள் டப்பா டப்பாவாக வாங்கிப் போகிற சனி, ஞாயிறு. இரண்டு நிறமும் ஒரே கட்டத்தில் மோதுகிற வாரம் தெரிந்துவிடும். நவம்பர் பரீட்சைக்கு நவம்பரில் படிக்கலாம் என்ற ஆசை மிட்டாய்க்கடைப் பிள்ளைக்குக் கிடையாது தம்பி, உங்களுக்குப் பாடம் முடிய வேண்டியது புரட்டாசியில். புரட்டாசியில் கடை கொஞ்சம் மூச்சுவிடும், அந்த மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

பரீட்சை அட்டவணை வந்த அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, உங்கள் தாள் உள்ள நாட்களை மட்டும் கோடு போட்டு முதலாளி கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார், கல்லாவில் ஒட்டியிருந்தால் மறக்கமாட்டார். கொடுக்கும்போதே, 'இந்த அஞ்சு நாளும் மத்தியானம் 2 மணிக்கு மேல வந்திருவேன், தீபாவளிக்கு முந்தின ரெண்டு நாள் கடை அடைக்கிற வரைக்கும் நிக்கேன்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் லீவு கேட்பதற்கும் கணக்குப் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, வியாபாரிக்குக் கணக்கு புரியும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று கடைகள் சட்டம் 1947லிருந்தே சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏசுகிறவரிடம் முதல் பேச்சிலேயே அதை எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி: காற்றாலை பராமரிப்பில் வேலை, மாறி மாறி ஷிஃப்ட். வயது 31. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, நாலு தாள்தான் முடித்திருக்கிறேன். விட்டுவிடலாமா என்று இருக்கிறது. (பணகுடி)

பதில்: விட வேண்டாம். அங்கே பி.ஏ. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். உங்களுக்கு இன்னும் நாலு வருடம் கையில் இருக்கிறது, ரெகுலர் கல்லூரிப் பிள்ளைகளோடு உங்களை ஒப்பிட்டு நொந்துபோனதுதான் இப்போதைய பிரச்சினை.

பரீட்சை வருடத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் டிசம்பரிலும். எந்தத் தடவை எந்தத் தாளை எழுதுவது என்பது உங்கள் விருப்பம். இப்போது உங்கள் வேலையைப் பாருங்கள். வைகாசி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிடும், புரட்டாசி வரைக்கும் ஒரு ஆலை நின்றாலும் நஷ்டம், அதனால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது அசைன்மென்ட் எம்மாத்திரம்? ஆக ஜூனில் ஒரே ஒரு தாள், அதுவும் இருப்பதிலேயே லேசானது. கனமான தாள்களையெல்லாம் டிசம்பருக்குத் தள்ளுங்கள், காற்று ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் உங்களுக்குப் படிப்புக் காலம். இரண்டு வருடமாக ஜூனிலும் டிசம்பரிலும் சமமாகப் பணம் கட்டி ஜூனில் கோட்டை விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் திருத்தி எழுதுங்கள்.

பெரும்பாலான தாள்களில் அசைன்மென்டுக்கு 30, தேர்வுக்கு 70. ஜெராக்ஸ் கடையில் விலைக்குக் கிடைக்கிற ரெடிமேட் அசைன்மென்டை வாங்கி எழுதுகிறவர்கள் உண்டு, நீங்கள் அப்படிச் செய்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. அதை நீங்களே எழுதினால் பாடத்தில் பாதி படித்த மாதிரி, வாங்கினால் கைவலிதான் மிச்சம்.

ஷிஃப்ட் மாறுகிறவர்கள் 'தினமும் காலை 5 மணி' என்று அட்டவணை போட்டால் இரண்டாவது வாரமே உடையும். கடிகாரத்தை விட்டுவிட்டு, 'தூங்கி எழுந்து டீ குடித்ததும் முக்கால் மணி நேரம்' என்று வையுங்கள். அந்த டீ காலை 6 மணிக்கும் வரலாம், சாயங்காலம் 4 மணிக்கும் வரலாம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் மட்டும் எதையும் திறக்காதீர்கள், பைக்கைப் பத்திரமாக ஓட்டி வீடு வந்து சேருங்கள்.

கேள்வி: பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இப்போது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், எல்லாமே இங்கிலீஷ். மீதி நேரத்தில் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். வரி வரியாக மனப்பாடம் செய்கிறேன், ஒரு வார்த்தை மறந்தால் முழு விடையும் போய்விடுகிறது. (சேரன்மகாதேவி)

பதில்: புரியாததை மனப்பாடம் செய்தால் அப்படித்தான், ஊசிப்பட்டாசு மாதிரி ஒன்று நமத்தால் சரம் முழுக்க நின்றுவிடும். முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். 'ஸ்டாக்' என்றால் என்ன? நீங்கள் ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிற தாள்கட்டு. கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். 'கியூ' என்றால் ரேஷன் கடை வரிசை. முதலில் வந்தவருக்குத்தான் முதலில் மண்ணெண்ணெய். நடுவில் யாராவது புகுந்தால் அது கியூ இல்லை, சண்டை. இதைத் தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டு, கலைச்சொல்லை மட்டும் இங்கிலீஷில் வைத்து, உங்கள் சொந்த இங்கிலீஷில் ஐந்து சின்ன வாக்கியம் எழுதுங்கள். இலக்கணம் உதைத்தாலும் பரவாயில்லை. உங்கள் வாக்கியத்தில் ஒரு வார்த்தை மறந்தால் இன்னொரு வார்த்தை போட்டுக்கொள்ளலாம், புத்தகத்தின் வாக்கியத்தில் அது நடக்காது. வரையறைகளை மட்டும் அப்படியே நெட்டுருப் போடுங்கள்.

இன்னொன்று. ஆங்கில வழியில் படித்தாலும் மாணவர்கள் தேர்வைத் தாய்மொழியில் எழுத விடுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் தாளுக்கு அது உண்டா என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் நேரில் போய் விசாரியுங்கள், தோழிகளைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

கேள்வி: வீட்டில் ஒரே அறை, ஆறு பேர், டி.வி. வேறு. எங்கே போய்ப் படிக்க? (மேலப்பாளையம்)

பதில்: பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, போட்டித்தேர்வுப் பிள்ளைகள் சீக்கிரமே போய் இடம் பிடித்துவிடுவார்கள், நீங்களும் சீக்கிரம் போங்கள். காலைநேரத்தில் குறுக்குத்துறைப் படித்துறையும் நல்ல இடம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே போய் உட்கார வேண்டாம், ஆற்றில் வெள்ளம் வந்தால் முருகன் கோயிலே முங்குகிற இடம் அது. வீட்டுச் சத்தத்தில் புதுப்பாடம் படிக்க வராது, உண்மை. சீட்டை எடுத்துப் பழைய கேள்விக்கு விடை சொல்லிப் பார்க்கலாம், அதற்கு டி.வி. அவ்வளவாகத் தடை இல்லை. நாடகம் ஓடும்போது மட்டும் முடியாது என்று என் மகள் சொல்கிறாள்.

கேள்வி: என் மகன் காலேஜ் போய்விட்டு சாயங்காலம் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறான். இராத்திரி 12 மணிக்கு வந்து போனை வைத்துக்கொண்டே படிக்கிறேன் என்கிறான். வேலையை விடச் சொல்லவா? அவன் காசு இல்லாமலும் வீடு ஓடாது. (பேட்டை)

பதில்: காசு இல்லாமல் வீடு ஓடாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் அக்கா, பிறகு நான் எப்படி விடச் சொல்ல? அவனிடம் மணிக்கணக்கைக் கேளுங்கள். எந்த நேரத்தில் ஆர்டர் அதிகம், எந்த நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கிறான் என்று அவனுக்கே தெரியும். 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் வருகிற காசு எவ்வளவு, 10 மணிக்கு மேல் 12 மணி வரை வருகிறது எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிந்தின இரண்டு மணி நேரத்தில் வருகிற காசு பெட்ரோல் போக ரொம்பக் கொஞ்சம் என்று அவனே கண்டுபிடித்தால் நீங்கள் சொல்லாமலே சீக்கிரம் வருவான். நல்ல காசுதான் என்று தெரிந்தால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணியோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்டருக்காகக் காத்து நிற்கிற நேரத்துக்குத்தான் மேலே சொன்ன சீட்டு வைத்தியம்.

போன் விஷயத்தில் அவன் சொல்வது சரிப்படாது. படிக்கிற அரை மணி நேரம் போன் உங்களோடு அடுக்களையில் இருக்கட்டும். அவன் சண்டை போடுவான், ஒரு சொதி வைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்யுங்கள்.

கேள்வி: போன இதழில் உங்களுக்கே அரியர் இருந்தது என்று எழுதினீர்களே அண்ணாச்சி, அது என்ன ஆச்சு? (ஆலங்குளம்)

பதில்: இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

அப்போது நெல்லைக் கல்லூரிகளெல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல்தான் வந்தது. நான் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டே (ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்குகிற வேலை) படித்தேன். புள்ளியியலில் இரண்டு தடவை போய்விட்டது. சூத்திரங்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, பல் தேய்க்கும்போதெல்லாம் பார்த்தேன். திட்ட விலக்கம் என்ற வார்த்தை மட்டும் அழகாக ஞாபகம் இருந்தது, எதை எதிலிருந்து கழிப்பது என்பது ஹாலில் வரவில்லை.

எழுத்துக் கோர்க்கிறவன் கையெழுத்துப் பிரதியில் ஒரு வரியைப் பார்ப்பான், மனதில் வாங்குவான், அப்புறம் பிரதியைப் பார்க்காமல் அந்த வரி முடிகிற வரைக்கும் அறைகளிலிருந்து எழுத்தைப் பொறுக்கிக் குச்சியில் அடுக்குவான். ஒவ்வோர் எழுத்துக்கும் திரும்பிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்கூட ஆகாது. தினமும் பகல் முழுக்க இதையே செய்கிற நான், சூத்திரத்தை மட்டும் சுவரில் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு உறைக்கவே இரண்டு வருடம் ஆனது. மூன்றாவது தடவை அட்டையைக் கிழித்துவிட்டு, ஒரு சூத்திரத்தை ஒரு தடவை பார்ப்பது, திருப்பி வைப்பது, வீணான புரூஃப் தாளின் பின்பக்கத்தில் கணக்கோடு எழுதுவது என்று ஆரம்பித்தேன்.

பரீட்சை நாளில் வைகாசி முகூர்த்தப் பத்திரிகைகள் மேஜை நிறைய. முதலாளி அரை நாள் லீவு கொடுத்து முழு நாள் கூலியைப் பிடித்தார். வாங்கியது 43. மார்க் ஷீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், '4 தேஞ்ச எழுத்தா இருக்கேடே, எந்த அச்சாபீஸ்ல அடிச்சான்?' என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.